பசுமை மின்சாரம்: சொல்லுக்குச் சான்று

"எங்கள் அலுவலகம் முழுக்க முழுக்கப் பசுமை மின்சாரத்தால் இயங்குகிறது." இத்தகைய வாசகத்தை இன்று பல நிறுவனங்களின் இணையத்தளங்களிலும் ஆண்டறிக்கைகளிலும் காணலாம். ஆனால், உயரமான கட்டடத்தின் இருபதாவது மாடியில் இயங்கும் ஓர் அலுவலகத்திற்குச் சொந்தமாகக் கூரைகூட இருக்காது. அங்கே ஒரு சூரியத் தகட்டையும் பார்க்க முடியாது. பக்கத்து அலுவலகத்திற்கு மின்சாரம் எங்கிருந்து வருகிறதோ, அங்கிருந்துதான் இந்த அலுவலகத்திற்கும் வருகிறது. அப்படியிருக்க, அந்த ஓர் அலுவலகம் மட்டும் பசுமை மின்சாரத்தைப் பயன்படுத்துவதாக எப்படிச் சொல்ல முடிகிறது? அது உண்மைதானா என்பதை மற்றவர்கள் எப்படிச் சரிபார்ப்பது? இக்கேள்விகளுக்கு விடை காணும் முயற்சியில் உருவானதே புதுப்பிக்கத்தக்க எரிசக்திச் சான்றிதழ்.

கலந்துவிடும் மின்சாரம்

சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறத்தாழ 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துத் தயாரிக்கப்படுகிறது. பெரிய காற்றாலைகளைச் சுழற்றும் அளவுக்கு இங்குக் காற்று வேகமாக வீசுவதில்லை. நீர்மின் நிலையம் அமைப்பதற்கு ஏற்ற பெரிய ஆறுகளும் இல்லை. ஆகவே, இத்தீவில் கிடைக்கும் புதுப்பிக்கத்தக்க எரிசக்தி வளங்களுள் முதன்மையானது சூரிய ஒளிதான். ஆனால், சூரியத் தகடுகளைப் பரப்பி வைக்கவும் இடம் வேண்டுமே!

அந்த இடத்தைச் சிங்கப்பூர் கூரைகளிலும் நீர்ப்பரப்பிலும் தேடிக்கொண்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் கட்டடங்களின் கூரைகளிலும் அரசாங்கக் கட்டடங்களின் கூரைகளிலும் சூரியத் தகடுகளைப் பொருத்தும் சோலார்நோவா திட்டம் 2014-இல் தொடங்கப்பட்டது. தெங்கே நீர்த்தேக்கத்தில் 2021-ஆம் ஆண்டு ஜூலை மாதம் ஒரு மிதக்கும் சூரிய மின்பண்ணை திறக்கப்பட்டது. அங்கே சுமார் 1,22,000 தகடுகள் நீரின்மேல் மிதக்கின்றன. அதன் உச்ச உற்பத்தித் திறன் 60 மெகாவாட் ஆகும்.

இவ்வாறு கிடைக்கும் சூரிய மின்சாரத்தில் ஒரு பகுதி, அது உற்பத்தியாகும் இடத்திலேயே பயன்படுகிறது. எஞ்சியது தேசிய மின்கட்டமைப்பில் சேர்கிறது. அங்கே அது எரிவாயு நிலையங்களிலிருந்து வரும் மின்சாரத்தோடு கலந்துவிடுகிறது.

குடிநீரோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். சிங்கப்பூரில் மழைநீர், ஜோகூரிலிருந்து வரும் நீர், புதுநீர், கடல்நீரைச் சுத்திகரித்துப் பெறும் நீர் ஆகிய நான்கும் நீர் விநியோகத்தில் சேர்கின்றன. குழாயைத் திறந்ததும் விழும் ஒரு துளி, மழையில் வந்ததா கடலிலிருந்து வந்ததா என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. மின்சாரமும் அப்படித்தான். மின்கட்டமைப்பில் கலந்த பிறகு சூரிய மின்சாரத்திற்கென்று தனி நிறமோ அடையாளமோ கிடையாது.

மின்சாரத்தைப் பின்தொடர்ந்து சென்று அதன் பிறப்பிடத்தைக் கண்டறிய முடியாது. ஆனால், எந்த நிலையத்தில் எவ்வளவு மின்சாரம் உற்பத்தியானது என்பதைக் கணக்கெடுக்க முடியும். அந்தக் கணக்குதான் சான்றிதழின் அடிப்படை.

ஒரு சான்றிதழ் பிறக்கும் விதம்

புதுப்பிக்கத்தக்க எரிசக்தியிலிருந்து ஒரு மெகாவாட் மணி மின்சாரம் உற்பத்தியானால், அதற்கு ஒரு சான்றிதழ் வழங்கப்படும். ஒரு மெகாவாட் மணி என்பது 1,000 கிலோவாட் மணிக்குச் சமம். ஒரு நாலறை வீவக வீடு சுமார் மூன்று மாதங்களுக்குப் பயன்படுத்தும் மின்சாரத்தின் அளவு ஏறக்குறைய இதுதான்.

முதலில், மின்நிலையத்தின் உரிமையாளர் அதனை ஒரு பதிவகத்தில் பதிவுசெய்ய வேண்டும். நிலையம் எங்கே உள்ளது, அதன் திறன் என்ன, எப்போது இயங்கத் தொடங்கியது போன்ற விவரங்கள் சரிபார்க்கப்படும். அதன்பின், மின்மானியில் பதிவான உற்பத்தி அளவுக்கு ஏற்பச் சான்றிதழ்கள் வழங்கப்படும். ஒவ்வொரு சான்றிதழுக்கும் தனி எண் உண்டு. எந்த நிலையத்தில், எந்த வளத்திலிருந்து, எந்தக் காலத்தில் அந்த மின்சாரம் உற்பத்தியானது என்னும் தகவல்களும் அதனோடு இணைந்திருக்கும்.

சிங்கப்பூரின் வெயிலில் ஒரு மெகாவாட் உச்சத் திறன் கொண்ட சூரியத் தகடுகள், ஆண்டுக்குச் சுமார் 1,200 மெகாவாட் மணி மின்சாரத்தைத் தரும். அப்படியென்றால், அந்தத் தகடுகளின் உரிமையாளர் ஆண்டுக்குச் சுமார் 1,200 சான்றிதழ்களைப் பெறலாம்.

இப்போது அவரிடம் விற்பதற்கு இரண்டு பொருள்கள் இருக்கின்றன. ஒன்று, விளக்கை எரிக்கவும் இயந்திரத்தை ஓட்டவும் பயன்படும் மின்சாரம். மற்றொன்று, அந்த மின்சாரம் தூய்மையான முறையில் உற்பத்தியானது என்று கூறும் உரிமை. இந்த இரண்டையும் ஒருவரிடமே சேர்த்து விற்கலாம். வெவ்வேறு நபர்களிடம் தனித்தனியாகவும் விற்கலாம். அந்த உரிமையைத் தாங்கி நிற்பதுதான் சான்றிதழ்.

ஒரு தொழிற்சாலையின் கணக்கு

ஜூரோங் வட்டாரத்தில் ஒரு ரொட்டித் தொழிற்சாலை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அது ஓராண்டில் 1,200 மெகாவாட் மணி மின்சாரத்தைப் பயன்படுத்துகிறது. அதன் கூரையில் உள்ள சொந்தச் சூரியத் தகடுகள் 200 மெகாவாட் மணியைத் தருகின்றன. எஞ்சிய 1,000 மெகாவாட் மணி மின்கட்டமைப்பிலிருந்து வருகிறது.

தான் பயன்படுத்தும் மின்சாரம் முழுவதும் பசுமை மின்சாரம் என்று கூற அத்தொழிற்சாலை விரும்பினால், வெளியிலிருந்து பெறும் 1,000 மெகாவாட் மணிக்கு ஈடாக 1,000 சான்றிதழ்களை வாங்க வேண்டும். வாங்கினால் மட்டும் போதாது. அவை தனது பயன்பாட்டிற்காகச் செலவிடப்பட்டன என்று பதிவகத்தில் குறிக்கச் செய்யவும் வேண்டும். அவ்வாறு குறிக்கப்பட்ட சான்றிதழ், திரையரங்கு வாசலில் கிழிக்கப்பட்ட நுழைவுச்சீட்டைப் போன்றது. அதை மீண்டும் விற்க முடியாது. வேறு யாரும் பயன்படுத்தவும் முடியாது.

கணக்காய்வாளர் ஒருவர் இதைச் சரிபார்க்க வரும்போது மூன்று எண்களைப் பார்ப்பார். தொழிற்சாலை பயன்படுத்திய மின்சாரம் எவ்வளவு? அதன் பெயரில் செலவிடப்பட்ட சான்றிதழ்கள் எத்தனை? அவை எந்த ஆண்டு உற்பத்தியைக் குறிக்கின்றன? இவை ஒன்றோடொன்று பொருந்தினால், தொழிற்சாலை சொல்வதற்கு ஆதாரம் இருக்கிறது. பொருந்தாவிட்டால், அது வெறும் விளம்பரமே.

கூரையில் தகடு, கையில் சான்று இல்லை

இந்த முறையில் பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. அதே ரொட்டித் தொழிற்சாலை, தன் கூரையில் உற்பத்தியான 200 மெகாவாட் மணிக்குரிய சான்றிதழ்களை ஒரு வங்கிக்கு விற்றுவிட்டதாகக் கொள்வோம். தகடுகள் கூரையில்தான் இருக்கின்றன. அவை தரும் மின்சாரமும் தொழிற்சாலையின் அடுப்புகளுக்குத்தான் செல்கிறது. ஆனாலும், "நாங்கள் சூரிய மின்சாரத்தைப் பயன்படுத்துகிறோம்" என்று கூறும் உரிமை இனி அத்தொழிற்சாலைக்கு இல்லை. அந்த உரிமையை அது வங்கிக்கு விற்றுவிட்டது.

இது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், இந்த விதி இல்லையென்றால் என்ன ஆகும்? 200 மெகாவாட் மணி மின்சாரத்தைத் தொழிற்சாலையும் தனதென்று சொல்லும். வங்கியும் தனதென்று சொல்லும். காகிதத்தில் 400 மெகாவாட் மணி பசுமை மின்சாரம் இருக்கும். உண்மையில் இருப்பதோ அதில் பாதிதான். இவ்வாறு ஒன்றையே இருவர் எண்ணுவதை இரட்டைக் கணக்கீடு என்பர். ஒரு வீட்டை இருவருக்கு விற்பது எப்படி மோசடியோ, அப்படித்தான் இதுவும்.

இரட்டைக் கணக்கீட்டைத் தடுப்பதே பதிவகங்களின் தலையாய பணி. ஐ-ஆர்இசி என்னும் அனைத்துலகத் தரநிலையைப் பல நாடுகளின் பதிவகங்கள் பின்பற்றுகின்றன. சிங்கப்பூரில் எஸ்பி குழுமம், 2018-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இச்சான்றிதழ்களை வாங்கவும் விற்கவும் ஒரு மின்னிலக்கச் சந்தையைத் தொடங்கியது. அது பிளாக்செயின் தொழில்நுட்பத்தில் அமைந்தது. அந்தத் தொழில்நுட்பத்தில், ஒருமுறை பதிவான பரிமாற்றத்தை யாருக்கும் தெரியாமல் திருத்துவது மிகவும் கடினம். 2021-இல், இச்சான்றிதழ்களை எவ்வாறு வழங்க வேண்டும், கண்காணிக்க வேண்டும், பயன்படுத்த வேண்டும் என்பதற்கு எஸ்எஸ் 673 என்னும் சிங்கப்பூர்த் தரநிலையும் வெளியிடப்பட்டது.

ஒரே பயன்பாட்டிற்கு இரண்டு எண்கள்

நிறுவனங்கள் ஏன் இவ்வளவு சிரத்தை எடுத்துக்கொள்கின்றன? வாடிக்கையாளர்களும் முதலீட்டாளர்களும் கேள்வி கேட்பது ஒரு காரணம். விதிமுறைகள் மற்றொரு காரணம். சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள், 2025 நிதியாண்டிலிருந்து தங்களது நேரடிக் கரிம வெளியேற்றத்தையும், வாங்கும் மின்சாரத்தால் ஏற்படும் கரிம வெளியேற்றத்தையும் அறிக்கையில் வெளியிட வேண்டும்.

வாங்கும் மின்சாரத்தால் ஏற்படும் வெளியேற்றத்தைக் கணக்கிடும் வழிமுறையைப் பசுமை இல்ல வாயு நெறிமுறை என்னும் அனைத்துலக அமைப்பு 2015-இல் வெளியிட்டது. அதன்படி, சான்றிதழ்கள் புழங்கும் சந்தைகளில் செயல்படும் ஒரு நிறுவனம் இரண்டு எண்களைத் தர வேண்டும்.

முதலாவது, இடம் சார்ந்த கணக்கு. நிறுவனம் இருக்கும் நாட்டின் மின்கட்டமைப்பு சராசரியாக எவ்வளவு கரியமில வாயுவை வெளியேற்றுகிறது என்பதை இது அடிப்படையாகக் கொள்ளும். சிங்கப்பூரில் ஒரு கிலோவாட் மணி மின்சாரத்திற்குச் சுமார் 0.4 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. எனவே, ரொட்டித் தொழிற்சாலை வெளியிலிருந்து வாங்கும் 1,000 மெகாவாட் மணிக்கு இக்கணக்கு சுமார் 400 டன் என்று வரும். சான்றிதழ் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இந்த எண் மாறாது.

இரண்டாவது, சந்தை சார்ந்த கணக்கு. நிறுவனம் எத்தகைய மின்சாரத்தைத் தேர்ந்து வாங்கியது என்பதை இது காட்டும். 1,000 சான்றிதழ்களை வாங்கிச் செலவிட்டிருந்தால், இந்த எண் சுழியமாகிவிடும்.

ஒரே தொழிற்சாலை, ஒரே ஆண்டு. ஓர் எண் 400 டன், மற்றோர் எண் சுழியம். இரண்டும் சரியான கணக்குகளே. ஆனால், அவை வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கூறுகின்றன. தொழிற்சாலை இயங்கும் நாட்டில் மின்சாரம் எப்படித் தயாராகிறது என்பதை முதல் எண் காட்டுகிறது. தொழிற்சாலை தன் பணத்தை எதற்குச் செலவிட்டது என்பதை இரண்டாம் எண் காட்டுகிறது. சுழியத்தை மட்டும் பெரிய எழுத்தில் அச்சிட்டு, 400 டன்னை மறைத்துவிட்டால், அறிக்கையைப் படிப்பவர் பாதி உண்மையைத்தான் அறிவார்.

சான்றிதழ் சொல்லாதவை

சான்றிதழ் ஓர் உறுதிமொழிக்கு ஆதாரம் தருகிறது. ஆனால், சான்றிதழ் வாங்கியதாலேயே காற்றில் கலக்கும் கரிமம் குறைந்துவிட்டது என்று முடிவுகட்டக் கூடாது.

பல ஆண்டுகளுக்கு முன்பே கட்டப்பட்டு, செலவை ஈட்டி முடித்த ஒரு நீர்மின் நிலையத்தை எடுத்துக்கொள்வோம். அதன் சான்றிதழ்களை யாரும் வாங்காவிட்டாலும் அணையிலிருந்து நீர் பாயும், மின்சாரம் உற்பத்தியாகும். அங்கிருந்து குறைந்த விலையில் சான்றிதழ் வாங்குவதால் புதிதாக ஒரு சூரியத் தகடுகூடப் பொருத்தப்படாமல் போகலாம்.

2022-இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் என்னும் அறிவியல் இதழில் வெளியான ஓர் ஆய்வு இதைத்தான் சுட்டிக்காட்டியது. ஆய்வாளர்கள் 115 நிறுவனங்களின் அறிக்கைகளை ஆராய்ந்தனர். 2015 முதல் 2019 வரை, வாங்கிய மின்சாரம் சார்ந்த வெளியேற்றத்தை 31 விழுக்காடு குறைத்துவிட்டதாக அந்நிறுவனங்களின் கணக்குகள் காட்டின. சான்றிதழ்களால் வந்த குறைப்பை நீக்கிவிட்டுப் பார்த்தபோது, அது 10 விழுக்காடாகச் சுருங்கியது.

இதனால் சான்றிதழ்கள் பயனற்றவை என்று ஆகிவிடாது. அவற்றை எப்படி வாங்குகிறார்கள் என்பதே முக்கியம். ஒரு நிறுவனம் புதிய சூரிய மின்திட்டத்தோடு பத்து, இருபது ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டு, மின்சாரத்தையும் சான்றிதழையும் சேர்த்து வாங்கலாம். உறுதியான வருமானம் இருப்பதைக் காட்டி, அத்திட்டத்தின் உரிமையாளர் வங்கியில் எளிதாகக் கடன் பெறுவார். அந்த ஒப்பந்தம் இல்லையென்றால், அத்திட்டம் வெறும் வரைபடமாகவே நின்றிருக்கக்கூடும். எடுத்துக்காட்டாக, 2015-இல் ஆப்பிள் நிறுவனம் சன்சீப் என்னும் சிங்கப்பூர் நிறுவனத்துடன் இத்தகைய நீண்டகால ஏற்பாடு ஒன்றை அறிவித்தது. 800-க்கும் மேற்பட்ட கட்டடங்களின் கூரைகளில் அமையும் சூரியத் தகடுகளிலிருந்து மின்சாரம் பெறுவது அதன் நோக்கம்.

நேரமும் ஒரு சிக்கலே. சூரியத் தகடுகள் பகலில் மட்டுமே மின்சாரம் தரும். ரொட்டித் தொழிற்சாலையோ பின்னிரவில்தான் மும்முரமாக இயங்கும். ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சான்றிதழ்களும் பயன்பாடும் சரியாகப் பொருந்தும். ஆனால், அதிகாலை மூன்று மணிக்கு அந்த அடுப்புகளைச் சூடாக்குவது எரிவாயு மின்சாரம்தான். இந்த இடைவெளியைக் குறைக்கச் சில நிறுவனங்கள் முயல்கின்றன. கூகல் நிறுவனம் 2017-இல் தனது ஆண்டு மின்பயன்பாட்டிற்கு ஈடான புதுப்பிக்கத்தக்க எரிசக்தியை வாங்கியது. அத்துடன் நிற்காமல், 2030-க்குள் ஒவ்வொரு மணி நேரத்திலும் கரிமமற்ற மின்சாரத்தைப் பயன்படுத்த வேண்டும் என்னும் இலக்கை 2020-இல் அறிவித்தது. இதற்கு, எந்த ஆண்டு என்பதோடு எந்த மணி நேரத்தில் உற்பத்தியானது என்பதையும் சான்றிதழ் காட்ட வேண்டியிருக்கும்.

எல்லை தாண்டும் மின்சாரம்

சிங்கப்பூரின் கூரைகள் அனைத்திலும் தகடுகளைப் பொருத்தினாலும் நாட்டின் மொத்தத் தேவையை நிறைவுசெய்ய முடியாது. ஆகவே, அண்டை நாடுகளிலிருந்து தூய்மையான மின்சாரத்தை இறக்குமதி செய்யும் பணி தொடங்கியுள்ளது. 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம், லாவோஸின் நீர்மின்சாரம் தாய்லாந்து, மலேசியா வழியாகச் சிங்கப்பூரை முதன்முதலில் வந்தடைந்தது. 2035-க்குள் சுமார் 6 கிகாவாட் அளவுக்குக் குறைந்த கரிம மின்சாரத்தை இறக்குமதி செய்வது சிங்கப்பூரின் இலக்கு.

இங்கேயும் நம்பகமான கணக்கு தேவைப்படுகிறது. மின்சாரத்தை ஒரு நாட்டிற்கு ஏற்றுமதி செய்துவிட்டு, அதன் பசுமை உரிமையை உள்நாட்டு நிறுவனத்திற்கு விற்றால், இரு நாடுகளும் ஒரே மின்சாரத்தைத் தத்தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளும். ரொட்டித் தொழிற்சாலைக்கும் வங்கிக்கும் நேர்ந்த அதே குழப்பம், நாடுகளுக்கிடையே நேரும். மலேசியாவிலும் சான்றிதழ் வணிகம் வளர்ந்து வருகிறது. 2,400 மெகாவாட் திறன் கொண்ட பக்குன் அணை போன்ற பெரிய நீர்மின் நிலையங்கள் சரவாக்கில் உள்ளன. வட்டார மின்கட்டமைப்பு விரிவடையும்போது, கம்பிகள் இணைவதோடு கணக்கேடுகளும் இணைய வேண்டும்.

வாசகம் கண்ணில் பட்டால்

"100 விழுக்காடு பசுமை மின்சாரம்" என்னும் வாசகத்தை அடுத்த முறை காண்பவர், அதை உடனே நம்பவும் வேண்டியதில்லை. உடனே ஒதுக்கவும் வேண்டியதில்லை. சில கேள்விகளை எழுப்பினால் போதும்.

- அந்த நிறுவனம் சான்றிதழ்களைத் தன் பெயரில் செலவிட்டுப் பதிந்துள்ளதா?
- அவை எந்த நாட்டில், எந்த ஆண்டில் உற்பத்தியான மின்சாரத்தைக் குறிக்கின்றன?
- அந்த மின்சாரம் புதிய திட்டத்திலிருந்து வந்ததா, நெடுங்காலமாக இயங்கும் நிலையத்திலிருந்து வந்ததா?
- இடம் சார்ந்த கணக்கையும் சந்தை சார்ந்த கணக்கையும் அந்நிறுவனம் வெளியிட்டுள்ளதா?
- சான்றிதழ் வாங்குவதோடு, மின்சாரப் பயன்பாட்டைக் குறைக்கவும் அது முயன்றுள்ளதா?

இக்கேள்விகளுக்குத் தெளிவாக விடை தரும் நிறுவனம், தன் சொல்லுக்குத் தானே பொறுப்பேற்கிறது. மழுப்பும் நிறுவனத்தின் சான்றிதழ், அதன் சுவரை மட்டுமே அலங்கரிக்கும். கண்ணுக்குத் தெரியாத மின்சாரத்தைப் பற்றிய பேச்சில், சரியாக எழுதப்பட்ட கணக்கே நம்பிக்கைக்கு அடித்தளம். அந்தக் கணக்கைப் படிக்கத் தெரிந்தவர்கள் பெருகப் பெருக, பசுமை என்னும் சொல்லைப் பொறுப்பில்லாமல் பயன்படுத்துவோர் குறைவர்.